மெரிட் ஸ்காலர்ஷிப் தேடும்போது நாங்கள் முதலில் திறந்த பக்கம்

எனக்குத் தெரிந்தவர்கள் பலர், அமெரிக்காவில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்க எந்தக் கல்லூரியில் மெரிட் ஸ்காலர்ஷிப், அதாவது குடும்ப வருமானத்தைப் பார்க்காமல் மதிப்பெண்ணைப் பார்த்துத் தரும் உதவித்தொகை, கிடைக்கும் என்று என்னிடம் கேட்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்பது ஒரு பட்டியல். மகளுக்காக நான் போட்ட பட்டியல் இன்னும் கணினியில் இருக்கிறது. ஆனால் அது அவளுடைய மதிப்பெண்ணுக்கும் எங்கள் விசாவுக்கும் எங்கள் கையிருப்புக்கும் போட்டது. அப்படியே எடுத்துக் கொடுத்தால் இன்னொரு பிள்ளைக்கு உதவாது. அந்தப் பட்டியலுக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்று எழுதினால் உதவும்.

எங்கள் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். கணவர் எச்-1பி என்ற வேலை விசா, நானும் மகளும் அவரைச் சார்ந்தவர்களுக்கான எச்-4. கிரீன் கார்டுக்காகக் கணவரின் கம்பெனி போட்ட ஐ-140 மனுவுக்கு ஒப்புதல் கிடைத்துப் பல காலம் ஆகிறது, கிரீன் கார்டு வரிசைதான் நகரவில்லை. மகள் சின்ன வயதிலிருந்தே இங்கே பள்ளிக்கூடம் போனவள். ஆனாலும் எச்-4 பிள்ளைகளுக்கு ஃபாஃப்ஸா என்ற உதவி விண்ணப்பம் வழியாக மத்திய அரசின் உதவித்தொகையோ கடனோ கிடையாது. பாதுகாப்புத் துறை தரும் ஸ்மார்ட் ஸ்காலர்ஷிப், சைபர் பாதுகாப்பு படிப்பவர்களுக்கான சைபர்கார்ப்ஸ் இரண்டும் கணினித் துறைப் பிள்ளைகளுக்கு அருமையான வாய்ப்புகள். படிப்பு முடிந்ததும் அரசு வேலை செய்ய ஒப்புக்கொண்டால் படிப்புச் செலவை ஏற்கிறார்கள். ஆனால் எச்-4க்கு அங்கே இடமில்லை. பள்ளி மாணவர்களுக்கான நேஷனல் மெரிட் ஸ்காலர்ஷிப் போட்டியும் குடியுரிமை உள்ளவர்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், கிரீன் கார்டுக்கான இறுதி விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் ஆகியோருக்கு மட்டும்தான். ஆக, கல்லூரி தன் சொந்தப் பணத்திலிருந்து தரும் மெரிட் ஒன்றுதான் எங்கள் கைக்கு எட்டக்கூடியதாக இருந்தது. குடியுரிமை உள்ள வீடுகளிலும் கணவன் மனைவி இருவரும் நன்றாகச் சம்பாதித்தால், ஃபாஃப்ஸா போட்டாலும் உங்களுக்குத் தேவை இல்லை என்றுதான் பெரும்பாலும் கணக்கு வரும். அவர்களும் கடைசியில் இந்த மெரிட் பக்கம்தான் வந்து நிற்கிறார்கள்.

மெரிட் ஸ்காலர்ஷிப்பை நன்றாகப் படித்த பிள்ளைக்குத் தரும் பரிசு என்று நினைத்துத் தேடினால் வழி தவறிவிடும். மிக நன்றாகப் படித்த பிள்ளைகள் போய்ச் சேரும் இடங்கள் பலவற்றில்தான் அது இல்லவே இல்லை. ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் எட்டிலும் மெரிட் ஸ்காலர்ஷிப் கிடையாது. எம்ஐடியிலும் கிடையாது. அங்கே உதவி உண்டு, தாராளமாகவே உண்டு. ஆனால் அது குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருவது. விண்ணப்பிக்கிற எல்லோருமே முதல் மாணவர்களாக இருக்கும் இடத்தில், ஒரு பிள்ளையை இழுக்க விலையைக் குறைக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருப்பவர்கள் வேறு வேறு விலை கொடுத்திருப்பார்கள். மெரிட்டும் அப்படிப்பட்ட விலை நிர்ணயம்தான். இந்தப் பிள்ளை வேறு இடத்துக்குப் போய்விடக் கூடாது என்று ஒரு கல்லூரி நினைக்கும்போது விலை இறங்குகிறது. அதனால் நாங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எங்கள் மகளை எந்தக் கல்லூரி தேடுகிறது என்பது.

இதற்குப் பதில் ஒரு பக்கத்தில் இருக்கிறது. காமன் டேட்டா செட் என்று ஒரு ஆவணம். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் ஒரே படிவத்தில் தங்கள் எண்களை நிரப்பி வெளியிடுகின்றன. கல்லூரிப் பெயரையும் 'காமன் டேட்டா செட்' என்பதையும் சேர்த்துத் தேடினால் பிடிஎஃப் கிடைத்துவிடும். அதில் ஏ-யிலிருந்து ஜே வரை பகுதிகள் உண்டு. எச் பகுதி பண உதவி பற்றியது. நாங்கள் எந்தக் கல்லூரியின் பெயரைக் கேள்விப்பட்டாலும் அதன் வளாகப் புகைப்படத்தைப் பார்க்கும் முன்பே எச் பகுதியைத் திறந்துவிடுவோம்.

அதில் எச்2 அட்டவணையில் முதல் ஆண்டு மாணவர்களுக்கென்று ஒரு நெடுவரிசை. ஏ வரியில் மொத்த மாணவர் எண்ணிக்கை, சி வரியில் பண உதவி தேவை என்று கணக்கிடப்பட்டவர்கள். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் தேவை இல்லாதவர்கள் எத்தனை பேர் என்பது ஏறக்குறைய வந்துவிடும். அதற்கு அடுத்துள்ள எச்2ஏ-வில் 'என்' (N) என்ற எழுத்துள்ள வரி, தேவை இல்லாமலேயே கல்லூரியின் பணத்தில் ஸ்காலர்ஷிப் பெற்றவர்களின் எண்ணிக்கை. விளையாட்டுக்காகப் பெற்றவர்கள் இதில் சேரமாட்டார்கள். 'ஓ' (O) வரி, அவர்களுக்குக் கிடைத்த சராசரித் தொகை. இந்த நான்கு எண்களில் ஒரு கல்லூரியின் மனசு முழுக்கத் தெரிந்துவிடும்.

கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் ஆண்டில் 2,000 பேர், தேவை உள்ளவர்கள் 1,100. மீதி 900 பேரில் 450 பேருக்கு மெரிட், சராசரி 14,000 டாலர். தேவை இல்லாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் விலை குறைத்துத்தான் படிக்கிறார்கள் என்று அர்த்தம். இன்னொரு கல்லூரியில் அதே 900 பேரில் 20 பேருக்கு மட்டும், ஆனால் சராசரி 50,000 என்று இருக்கலாம். அங்கே ஸ்காலர்ஷிப் என்பது மிகச் சிலருக்கான தனிப் போட்டி. அதை நம்பி வீட்டுக் கணக்குப் போட முடியாது. இரண்டு கல்லூரிகளின் இணையதளமும் 'மெரிட் ஸ்காலர்ஷிப் உண்டு' என்றுதான் எழுதியிருக்கும்.

பிறகு சி9-க்குப் போவோம். சேர்ந்த மாணவர்கள் எஸ்ஏடி, ஏசிடி என்ற நுழைவுத் தேர்வுகளில் எடுத்த மதிப்பெண் வீச்சு அங்கே இருக்கிறது. 75-ஆவது சதமானத்துக்கு மேலே, அதாவது முதல் கால்வாசிப் பேரோடு, உங்கள் பிள்ளை நின்றால், எச் பகுதியும் தாராளமாக இருந்தால், அந்தக் கல்லூரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குப் பிடித்த கல்லூரியில் அவள் மதிப்பெண் நடுவில் நின்றால் அட்மிஷன் கிடைக்கலாம், பணம் கிடைப்பது அரிது. மகளுக்கு இதை ஏற்றுக்கொள்வது சுலபமாக இல்லை. "அம்மா, என்னைவிடக் குறைச்சலா மார்க் எடுத்தவங்க இருக்கற இடத்துக்கா போகணும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அவளுக்கு அல்காரிதம் என்றால் உயிர். கோடைவிடுமுறையில் கிராஃப் கணக்குகளை எடுத்துவைத்து உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழாது. அவளுக்கு நான் வாயால் சொன்ன பதில் போதவில்லை. அப்படிக் குறித்துவைத்த நான்கு கல்லூரிகளின் கணினித் துறைப் பக்கங்களைத் திறந்து மூன்றாம், நான்காம் ஆண்டுப் பாடங்களையும், யார் நடத்துகிறார்கள், என்ன ஆராய்ச்சி செய்கிறார்கள் என்பதையும் அவளே படித்தாள். நான்கில் இரண்டை அவளே அடித்துவிட்டாள். மீதி இரண்டில் அவளுக்கு ஆசை வந்துவிட்டது. பிள்ளை தானே படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்கு நம் அறிவுரை ஈடாகாது.

மெரிட் இரண்டு வகையில் வருகிறது. ஒன்று அட்டவணை வகை. ஜிபிஏ (சராசரி மதிப்பெண் புள்ளி) இவ்வளவு, எஸ்ஏடி இவ்வளவு என்றால் தொகை இவ்வளவு என்று வெளிப்படையாகப் போட்டிருப்பார்கள். அலபாமா பல்கலைக்கழகம் இதற்குப் பெயர் போனது. அதே குழுமத்தைச் சேர்ந்த, ஹன்ட்ஸ்வில்லில் உள்ள தனிப் பல்கலைக்கழகத்திலும் இப்படி ஒரு அட்டவணை உண்டு. விண்ணப்பிக்கும் முன்பே தொகை தெரிந்துவிடுவதால் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இதில் கிடைக்கும் நிம்மதி பெரிது. தொகைகளை ஆண்டுக்கு ஆண்டு மாற்றுகிறார்கள் என்பதால் உங்கள் பிள்ளை சேரும் ஆண்டுக்கான பக்கம்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று போட்டி வகை. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பேனக்கர்/கீ, சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் முழு டியூஷன் (கல்லூரியின் படிப்புக் கட்டணம்) தரும் டிரஸ்டீ, பாதி தரும் பிரெசிடென்ஷியல், டாலஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மெக்டெர்மட் இவையெல்லாம் அந்த ரகம். கிடைத்தால் வாழ்க்கையே மாறும், ஆனால் கிடைக்கும் என்று எண்ணிக் கணக்குப் போடக் கூடாது. பட்டியலில் முதல் வகையில் இரண்டு மூன்றாவது உறுதியாக வைத்துக்கொண்டுதான் இரண்டாம் வகைக்குப் போக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

டெக்சாஸ் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை. அந்த மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்குக் குறைந்தது 1,000 டாலர் போட்டி ஸ்காலர்ஷிப் பெறும் வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களிடம் அந்த மாநிலத்தவருக்கான குறைந்த உள்ளூர் டியூஷனே வாங்கலாம் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. இத்தனை பேருக்குத்தான் என்று ஒரு வரம்பு உண்டு. ஸ்காலர்ஷிப்பைப் பல்கலைக்கழகம் அங்கீகரித்த குழு தந்திருக்க வேண்டும். ஆனால் கிடைத்தால் அந்தச் சின்னத் தொகையைவிட அதனால் குறையும் டியூஷன் பல மடங்கு. ஸ்காலர்ஷிப்பின் தொகையை மட்டும் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். அதோடு சேர்ந்து வருவது என்ன என்று கேளுங்கள்.

இனி கம்ப்யூட்டர் சயன்ஸுக்கே உரிய சிக்கல். காமன் டேட்டா செட் கல்லூரி முழுவதற்குமான எண், துறைவாரியாகப் பிரிக்காது. ஸ்காலர்ஷிப் தருவது ஒரு அலுவலகம், சிஎஸ் இடம் தருவது இன்னொரு இடம். பணத்தோடு அட்மிஷன் வந்து, சிஎஸ் மட்டும் வராமல் போகலாம். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயன்ஸ் இடங்களுக்கு வரம்பு போட்டுவிட்டார்கள். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கணினித் துறையான ஆலன் பள்ளி பெரும்பாலானவர்களைப் பள்ளி முடித்து வரும்போதே நேரடியாக எடுத்துக்கொள்கிறது. வேறு துறையில் சேர்ந்து பிறகு மாறிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு வழி மிகக் குறுகலானது. டெக்சாஸ் ஏ அண்ட் எம்-மில் முதலாண்டு எல்லோரும் பொதுப் பொறியியல், அதன் பிறகு மதிப்பெண்ணை வைத்துத்தான் துறை. இதில் எந்த முறையும் தப்பில்லை. ஆனால் 'அன்டிக்ளேர்ட்' (துறையை இன்னும் முடிவு செய்யவில்லை) என்று போட்டுச் சேர்ந்துவிட்டு அப்புறம் சிஎஸ்ஸுக்கு மாறிக்கொள்ளலாம் என்று யாராவது அறிவுரை சொன்னால், அந்தக் கல்லூரியின் துறை மாற்ற விதியை எழுத்தில் படிக்காமல் நம்பாதீர்கள். ஸ்காலர்ஷிப்பைப் பிடித்துக்கொண்டு பிடிக்காத துறையில் நான்கு வருடம் உட்காரும் பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது இன்னும் மனதை அறுக்கிறது.

கட்டணத்திலும் இந்தத் துறைக்கு ஒரு தனி வலை உண்டு. பல அரசுப் பல்கலைக்கழகங்களில் பொறியியலுக்கும் கணினித் துறைக்கும் டியூஷன் மற்ற துறைகளைவிட அதிகம். இல்லினாய் பல்கலைக்கழகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முகப்புப் பக்கத்தில் போட்டிருக்கும் டியூஷனிலிருந்து ஸ்காலர்ஷிப்பைக் கழித்தால் தப்பான விடைதான் வரும். துறைக்கான கட்டணப் பக்கத்தைத் தேடி எடுத்து, அதிலிருந்து கழியுங்கள். அதோடு பல இடங்களில் டியூஷன் ஆண்டுக்கு ஆண்டு ஏறும். ஸ்காலர்ஷிப் நிலையான தொகை என்றால் நான்காம் ஆண்டில் வித்தியாசம் முழுக்க உங்கள் தலையில். 'முழு டியூஷன்' அல்லது 'பாதி டியூஷன்' என்று எழுதியிருந்தால் ஏறும் கட்டணத்தோடு அதுவும் ஏறும்.

நான் அதிக நேரம் செலவழித்தது புதுப்பிப்பு விதியில். மெரிட் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்படுவது. அதற்கு ஜிபிஏ நிபந்தனை உண்டு. 3.0 கேட்கிற இடமும் உண்டு, 3.5 கேட்கிற இடமும் உண்டு. காகிதத்தில் அரைப் புள்ளிதான். ஆனால் சிஎஸ் பிள்ளை இரண்டாம் ஆண்டில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டிஸ்க்ரீட் மேத்ஸ், கணினி அமைப்பு, லீனியர் அல்ஜீப்ரா எல்லாம் ஒரே சமயத்தில் எடுக்கும்போது அந்த அரைப் புள்ளிதான் தூக்கத்தைக் கெடுக்கும். 3.5 நிபந்தனை உள்ள பெரிய தொகையைவிட 3.0 நிபந்தனை உள்ள நடுத்தரத் தொகை மேல் என்பது என் முடிவு. கடினமான பாடத்தை எடுக்கப் பயந்து சுலபமான பாடமாகத் தேடும் பிள்ளை, படிக்க வந்த படிப்பையே இழக்கிறது. மகள் துறைக்கு மின்னஞ்சல் போட்டு மூன்று விஷயங்கள் கேட்டாள். ஜிபிஏ ஒரு செமஸ்டர் சறுக்கினால் மீட்க அவகாசம் தருவீர்களா? படிப்பின் நடுவே கம்பெனியில் செய்யும் கோ-ஆப் வேலைக்காக ஒரு செமஸ்டர் வெளியே போனால் அந்த செமஸ்டரின் ஸ்காலர்ஷிப் பின்னால் கிடைக்குமா? பள்ளியில் படித்த ஏபி பாடங்களுக்குக் கிடைக்கும் கிரெடிட்டால் சீக்கிரம் முடித்தால் மிச்சத்தை மாஸ்டர்ஸ் படிக்கப் பயன்படுத்தலாமா? சில இடங்களிலிருந்து தெளிவான பதில் வந்தது, சில இடங்களிலிருந்து இணையதள முகவரி மட்டும் வந்தது. தெளிவாகப் பதில் சொன்ன இடங்கள் மீது எனக்குத் தனி மரியாதை வந்தது. பதில்களையெல்லாம் பிடிஎஃபாக எடுத்து வைத்திருக்கிறோம். ஸ்காலர்ஷிப் பக்கத்தையும் அன்றைய தேதியோடு சேமித்திருக்கிறோம்.

தேதிகளைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. அட்மிஷனுக்கான கடைசித் தேதியும் மெரிட்டுக்கான கடைசித் தேதியும் வேறு வேறாக இருக்கலாம். அப்படி இருந்தால் பெரும்பாலும் மெரிட் தேதி முன்னால் வரும். பல இடங்களில் அது நவம்பர் 1. முன்கூட்டியே விண்ணப்பிப்பதில் இரண்டு வகை: எர்லி ஆக்‌ஷன் போட்டால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லை. எர்லி டிசிஷன் போட்டால் கிடைத்த இடத்தில் சேர்ந்தே ஆக வேண்டும், மற்ற கல்லூரிகளின் தொகையோடு ஒப்பிட முடியாது. மெரிட் தேடும் வீட்டுக்கு எர்லி டிசிஷன் ஆகாது. பதினொன்றாம் வகுப்பிலேயே செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ரென்சலேர் என்ற தொழில்நுட்பக் கல்லூரி தன் மெடலுக்கும் ரோசெஸ்டர் பல்கலைக்கழகம் தன் விருதுகளுக்கும் பள்ளிக்கூடமே மாணவரைப் பரிந்துரைக்க வேண்டும் என்று வைத்திருக்கின்றன. அது நடப்பது பதினொன்றாம் வகுப்பில். கணிதமும் அறிவியலும் நன்றாக வரும் பிள்ளை என்றால் பள்ளிக் கவுன்சிலரிடம் போய், இந்த ஆண்டு யாரைப் பரிந்துரைக்கிறீர்கள் என்று கேளுங்கள். கேட்காத வீட்டுக்கு அந்தச் செய்தியே வந்து சேராது.

மார்ச், ஏப்ரலில் கடிதங்கள் வரும்போது இன்னொரு கவனம். குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கு வரும் கடிதத்தில் ஸ்காலர்ஷிப், கடன், வளாக வேலை மூன்றையும் கூட்டி ஒரே உதவித்தொகையாகக் காட்டியிருப்பார்கள். திருப்பிக் கட்ட வேண்டாத பணத்தை மட்டும் எடுத்து, டியூஷன், கட்டணங்கள், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்ந்த மொத்தச் செலவிலிருந்து கழியுங்கள். வரும் எண்ணை நான்கால் பெருக்கிப் பாருங்கள். நாங்கள் கல்லூரிகளை அந்த எண் வரிசையில்தான் வைத்துப் பேசினோம். வெளியிலிருந்து பிள்ளை வென்று வரும் சிறு ஸ்காலர்ஷிப்புகளைக் காட்டித் தன் உதவியைக் குறைத்துக்கொள்ளும் கல்லூரிகளும் உண்டு. மேரிலாந்து 2017-இல் தன் அரசுக் கல்லூரிகளில் இதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. மற்ற இடங்களில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எச்-4 வீடுகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 21 வயதில் எச்-4 முடிந்துவிடும், எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டி வரும். இன்டர்ன்ஷிப் இல்லாமல் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிப்பு முழுமையடையாது. எச்-4இல் அதற்கு வேலை அனுமதி இல்லை, எஃப்-1இல் சிபிடி என்ற, படிப்போடு சேர்ந்த வேலை அனுமதி உண்டு. அதனால் பலர் இரண்டாம் ஆண்டுக்குள்ளேயே மாறிவிடுகிறார்கள். மாறினால் மாநில உள்ளூர் டியூஷன் தொடருமா, ஸ்காலர்ஷிப் தொடருமா என்று இரண்டு அலுவலகங்களிடம் தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். உள்ளூர் டியூஷனை நம்பித் தேர்ந்தெடுத்த கல்லூரி, விசா மாறியதும் வெளிமாநிலக் கட்டணம் கேட்கலாம். விசா எதுவானாலும் தொடரும் என்று எழுதித் தந்த மெரிட் எங்களுக்கு அதனாலேயே பெரிதாகப் பட்டது. மகள் சேர்ந்ததும் அப்படி எழுதித் தந்த கல்லூரியில்தான். அதன் பெயரை இங்கே போட வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள்.

கடைசியாக வரி. ஸ்காலர்ஷிப் பணம் டியூஷன், கட்டாயக் கட்டணம், பாடத்துக்கு வேண்டிய புத்தகம், உபகரணம் இவற்றுக்குப் போனால் வரி இல்லை. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பகுதி வருமானமாகக் கணக்கிடப்படும். எல்லாச் செலவையும் ஏற்கும் பெரிய ஸ்காலர்ஷிப் கிடைத்த வீட்டில் இதற்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைக்க வேண்டும்.

உங்கள் பிள்ளை இப்போது பதினொன்றாம் வகுப்பு என்றால், மனதில் இருக்கும் கல்லூரிகளின் எச்2ஏ-வை இந்த வாரமே திறந்து பாருங்கள். எண்கள் புரியவில்லை என்றால் பின்னூட்டத்தில் கேளுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.